முன்னே வந்தவர்களின் அடுப்பு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக மலேசியா வந்து குடியேறும் குடும்பங்கள் எங்கே கூடினாலும் பேச்சு அரைமணி நேரத்துக்குள் சாப்பாட்டுக்கு வந்துவிடும். வந்ததும் குறை சொல்வது தொடங்கும். இங்கே சாம்பாரில் பருப்பே இல்லை, கறிக்குழம்பில் பட்டையும் அன்னாசிப்பூவும் தூக்கலாக இருக்கின்றன, மீன் குழம்பில் தேங்காய்ப்பாலை ஊற்றிவிடுகிறார்கள், சம்பலில் சீனி போடுகிறார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "என்ன இருந்தாலும் நம்ம ஊர் மாதிரி வராது" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஈப்போவிலும் பினாங்கிலும் தைப்பிங்கிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மலேசியத் தமிழர் அடுப்பில் வேகும் சாப்பாட்டை நம்முடைய சாப்பாட்டின் தேய்ந்த பிரதியாக எண்ணி அதற்கு நாம் மதிப்பெண் போடுகிறோம். நூறாண்டுக்கும் மேலாக இந்த மண்ணில் பட்டினி கிடந்தும் பங்குபோட்டும் உருவான தனிச் சமையல் அது. நாம் வந்திறங்கிய மறுநாளே இங்கே இட்லிக்கு மாவு அரைக்க முடிகிறதென்றால் அதற்கும் அந்த அடுப்புதான் காரணம்.

என் கணவருக்குக் கமுண்டிங் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துத் தைப்பிங்கில் வீடு எடுத்தபோது, நாங்கள் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று முழுக்கச் சமையல் சாமான். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, வடாம், உப்பு நார்த்தங்காய், கட்டிப் பெருங்காயம். ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போகிற குடும்பத்துக்கு அப்படி ஒரு பெட்டி வேண்டியிருக்கலாம். தைப்பிங் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் உளுந்தும் புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் சாம்பிராணியும் சாதாரணமாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். காய்கறி விற்கும் சீன அம்மா வெண்டைக்காயை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே வைக்கிறார். முருங்கைக்காய், வாழைப்பூ, வெற்றிலை, விளக்குத் திரி, எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வந்த முதல் வாரத்திலேயே நாங்கள் ஊரில் சாப்பிட்டபடியே சாப்பிட்டோம். அந்த வசதியை நாங்கள் உண்டாக்கவில்லை.

கறிவேப்பிலையும் முருங்கையும் பேராக்கில் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனால் தமிழர் குடியிருந்த இடங்களின் வரைபடமே கிடைத்துவிடும். செம்பனைக் காட்டின் நடுவே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டுச் சிமெண்டுத் தளம் மட்டும் மிச்சமிருக்கும் இடங்களில், ஒரு முருங்கை நிற்கும். கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கோயில் இருக்கும். ஆட்கள் எப்போதோ பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மரத்தை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

தைப்பிங் ஈயத்தால் உண்டான ஊர். 1937 வரை பேராக்கின் தலைநகர். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் இங்கிருந்து கடற்கரையிலிருக்கும் போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் படையினர். பின்னாலேயே யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் கிராணிமார் வந்தார்கள், புட்டுக்குழலோடும் சொதியோடும். வடக்கே கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள். அங்கே தமிழ்நாட்டுக் கூலிகள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கி ரப்பர் விலை ஏறியதும் கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி ஆள் சேர்த்து அனுப்பும் முறை 1938இல் இந்திய அரசு தடைபோடும்வரை நடந்தது.

இந்த வருடங்களைப் படிக்கும்போது நான் தேடுவது ஒன்றைத்தான். அந்த லயங்களில் என்ன சமைத்தார்கள்? அரிசி ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தாக வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919லிருந்து 1921 வரை, மலாயாவில் கடும் அரிசித் தட்டுப்பாடு. ஜப்பானியர் ஆண்ட 1941 டிசம்பர் தொடங்கி 1945 வரையிலான காலத்தில் அரிசி கிட்டத்தட்டக் காணாமலே போயிற்று. வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டுக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் மரவள்ளியை அவித்தார்கள், துருவினார்கள், மாவாக்கினார்கள், அடையாகத் தட்டினார்கள். இன்றைக்குத் தைப்பிங்கில் மாலை நேரத்தில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் பலகாரமாக வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. நான் முதலில் அதை ருசிக்காகச் சாப்பிட்டேன். கொடுத்தவர் கதையைச் சொன்ன பிறகு அப்படிச் சாப்பிட முடியவில்லை. ருசி குறைந்துவிடவில்லை, கூடத்தான் செய்தது.

அவர் எங்கள் பக்கத்து வீட்டம்மா. செலாமா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பால்வெட்டி, அங்கேயே கல்யாணமாகி, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வந்துவிட்டார். நாங்கள் குடிவந்த மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "பசியாறிட்டீங்களாம்மா?" என்றார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட முதல் சமையல் சார்டின் கறி.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தக் கறியைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். டப்பாவில் அடைத்த மீனில் குழம்பா என்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் இதைவிட அறிவான சமையல் இருக்க முடியாது. கடல் தூரம். குளிர்பெட்டி கிடையாது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. வெளியே ஒரே ஒரு சீனக் கடை, அதில் 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டில் கடன் எழுதி வாங்குவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆக்கிவைத்துவிட்டு, இருட்டு விலகுவதற்குள் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரத்துக்குப் போகிற பெண்ணுக்கு, மாதக் கடைசியில் அலமாரியில் மிச்சமிருக்கும் இரண்டு சார்டின் டப்பாதான் துணை. ஆயாம் பிராண்ட் என்ற சேவல் படம் போட்ட டப்பா 1892இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு பிரெஞ்சுக்காரரின் வியாபாரம். அது எப்படியோ பேராக்கின் லயங்களில் வந்து தமிழ்க் குழம்பாயிற்று.

அம்மா செய்யும் விதம் இது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், சோம்பு, சீரகம் கலந்த தாளிப்பு. பெரிய வெங்காயம் நாலைந்தை வட்டமாக அரிந்து போடுகிறார். டப்பா மீன் கொஞ்சம், வீட்டில் ஆள் அதிகம், ஆகவே வெங்காயம்தான் கறியை நிறைக்கிறது. பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மீன் மசாலாத் தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றி எண்ணெய் பிரியும்வரை விடுகிறார். இங்கே மீனுக்கும் இறைச்சிக்கும் தனித்தனி மசாலாத் தூள். ஒன்றை மற்றொன்றில் போட்டால் அவருக்கு மனசே ஆறாது. பிறகு கொஞ்சம் புளி, டப்பாவிலிருக்கும் தக்காளிச் சாறு. மீன் கடைசியில்தான்.

"கரண்டி வைக்காதேம்மா. உடைஞ்சிடும். சட்டிய ரெண்டு பக்கமும் புடிச்சி ஆட்டிவிடு, போதும்."

சட்டியை ஆட்டினேன். ஏற்கனவே வெந்த மீன் முள்ளோடு மெத்தென்று இருக்கிறது. மசாலா ஏறினாலும் உருவம் கலையவில்லை. சுடுசோற்றில் போட்டு, மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டோம். என் மகள் தட்டை வழித்துவிட்டு அடுத்த வாரமும் இதையே செய்யச் சொன்னாள்.

நாம் 'கலப்பு' என்று சொல்லிக் குறைத்துப் பேசும் ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. ஈயச் சுரங்கத்தை ஒட்டிச் சீனர் காய்கறி பயிரிட்டார்கள். ஆகவே கங்கோங் கீரையும், தவ்பூ என்ற சோயாக் கட்டியும், தவ்கே என்ற முளைப்பயறும் தமிழர் வீட்டுக்குள் வந்தன. கோயில் அன்னதானப் பந்தியில் தவ்பூ பிரட்டலைப் பரிமாறும்போது அதை யாரும் அந்நியமாக நினைப்பதில்லை. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களிடமிருந்து செரை என்ற எலுமிச்சைப் புல்லும், பாண்டான் இலையும், பெலாச்சான் என்ற இறால் விழுதும். தேங்காய் மலிவு. ஆகவே குழம்பில் பால். ஊரில் அத்தை கொதித்த குழம்பில் சோயா கிச்சாப்பை ஊற்றியிருந்தால் நாம் பதறியிருப்போம். இங்கே ஆட்டிறைச்சியில் கிச்சாப் சேர்த்துக் கறுக்க வறுத்து எடுப்பது பண்டிகைச் சமையல். கோழிப் பிரட்டல் என்று இவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டவர்கள், அதைச் செட்டிநாட்டோடு ஒப்பிடாமல் ஒருமுறை அதற்காகவே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மழையும் ஒரு சமையல்காரர்தான். லாருட் மலை மேகத்தைப் பிடித்து நிறுத்தி இந்த ஊரின் மேல் இறக்கிவிடுகிறது. தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் நனையும் ஊர் இது. சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் இங்கே 4,000 அளவில் கொட்டுகிறது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மாலையில் வானம் திறந்துகொள்ளும். வடாம் பிழிந்து காயவைக்க வழியில்லை. மோர் மிளகாய் பூத்துப்போகும். நான் கொண்டுவந்த வடாம் தீர்ந்த பிறகு, பாகற்காயை மெல்லியதாக அரிந்து மாவில் பிரட்டிப் பொரிக்கக் கற்றுக்கொண்டேன். மலேசியாவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாம் அந்தப் பாகற்காய்ப் பொரியல் இருக்கிறது. சாதத்தோடு கடித்துக்கொள்ள மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டும் என்ற தமிழ் நாக்கின் தேவைக்கு ஈரமான ஊர் கொடுத்த பதில் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்குள் இப்படி என்றால், வெளியே சாப்பிடுவது வேறொரு படிப்பு. எங்கள் ஊரில் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போவது ஒரு நிகழ்ச்சி. சம்பள நாள், பிறந்தநாள், யாராவது விருந்தாளி. நல்ல உடை உடுத்திப் போவோம். இங்கே அது அன்றாடம். வேலைக்குப் போகும் பெண்கள் இரவில் அடுப்பே மூட்டாத வீடுகள் ஏராளம். தொலைபேசியில் என் அம்மா "தினமும் கடைச் சாப்பாடா?" என்று கேட்டபோது அதில் கண்டிப்பு இருந்தது. கடைச் சாப்பாடு என்றால் உடம்புக்கு ஆகாதது, வீட்டுப் பெண்ணின் சோம்பலுக்கு அடையாளம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. தைப்பிங்கின் லாருட் மாத்தாங் உணவு நிலையத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணம் கரையும். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சமைக்காத நேரம் பேசுகிற நேரமாகியிருக்கும்.

அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. முதலில் மேசையைப் பிடிக்க வேண்டும். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்ல வேண்டும். தண்ணீர் மேசையில் வைத்திருக்க மாட்டார்கள். பானம் விற்கிறவர் தனியாக வருவார், அவரிடம் ஏதாவது வாங்கிக்கொள்வது மரியாதை. தட்டு வந்ததும் காசைக் கொடுக்க வேண்டும். ஒரு கடையில் கோய்தியோ, ஒன்றில் போப்பியா, இன்னொன்றில் மீன் உருண்டைச் சூப். நம் ஊரில் 'சைவமா அசைவமா' என்ற ஒரே கேள்வியோடு வளர்ந்த எங்களுக்கு இங்கே கேட்க வேண்டியவை கூடின. பன்றி உண்டா, மாடு உண்டா, ஹலாலா, பன்றிக் கொழுப்பு இல்லாமல் வறுத்துத் தர முடியுமா. கேட்டால் யாரும் முகம் கோணுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு விலக்கு இருக்கும் என்பதை இந்த ஊர் ஒத்துக்கொண்டு நெடுங்காலமாகிறது. புரட்டாசியில் நாங்கள் வெளியே சாப்பிட்டது பெரும்பாலும் சீனச் சைவக் கடைகளில். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விரதமிருக்கிற சீனர்களுக்காக நடத்தப்படும் கடை, புரட்டாசி வந்தால் விபூதி பூசிய நெற்றிகளால் நிறைகிறது.

கோய்தியோ வறுக்கிறவரைப் பார்க்க என் மகளை முன்னால் நிறுத்திவைப்பேன். பல கடைகள் எரிவாயுவுக்கு மாறிவிட்டன. சிலர் இன்னும் கரி அடுப்பை விடவில்லை. சின்ன விசிறி காற்றூத, கரி செக்கச் சிவந்து சட்டியின் விளிம்புவரை நெருப்பு நாக்கு ஏறும். பூண்டு, சேவை, தவ்கே, முட்டை, சிப்பி, கறுப்புக் கிச்சாப், இரண்டு நிமிடத்துக்குள் தட்டில். அந்தக் கரி தூரத்திலிருந்து வருவதில்லை. தைப்பிங்கிலிருந்து கடல் பக்கம் போனால் மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். 1902 தொடங்கித் திட்டமிட்டுப் பேணப்படுகிறது. முப்பது ஆண்டு வளர்ந்த பகுதியை வெட்டி, மறுபடி நட்டு, இன்னொரு பகுதிக்குப் போகிறார்கள். வெட்டிய பாக்காவ் மரத்தை குவாலா செப்பெத்தாங்கில் குவிமாடச் சூளைகளில் வாரக்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். சட்டியிலிருக்கும் சிப்பியும் அதே சேற்றில் வளர்ந்தது. ஒரு தட்டுக் கோய்தியோவில் தைப்பிங்கின் கடற்கரை முழுதும் இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். ஒரு ஊரைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

குவாலா செப்பெத்தாங்தான் பழைய போர்ட் வெல்ட். தண்டவாளம் பிடுங்கப்பட்டுவிட்டது. நிலையம் இருந்த இடத்தில் ஒரு சீனக் காப்பிக் கடையும் பக்கத்தில் நிலையப் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளில் ஊர்ப்பெயர். வெயிலில் பலகைக்கு எதிரே நின்று தமிழெழுத்தைப் படித்துவிட்டு அந்தக் கடையில் காப்பி குடித்தோம். இங்கே காப்பிக்கொட்டையைச் சீனியும் மார்கரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கிறார்கள். தைப்பிங்கிலேயே 1933இல் தொடங்கிய அந்தோங் ஆலை இன்னும் அப்படித்தான் வறுக்கிறது. கும்பகோணத்து டிகிரி காப்பியின் சிக்கரி கசப்போடு பழகிய நாக்குக்கு இந்தக் கருகிய இனிப்பு முதல் நாள் பிடிபடாது. பத்து வாய் குடிப்பதற்குள் பிடிபட்டுவிடும்.

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை எங்கள் குடும்பத்துக்குப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள், தோளில் காவடித்தடி போட்டு ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றதிலிருந்து வந்தது நாசி கண்டார். அவர்கள்தாம் சீனரின் மஞ்சள் மீ நூடுல்ஸை எடுத்து மீ கோரேங் செய்தார்கள். மிளகாய் விழுது, தவ்பூ, தவ்கே, மேலே பிழிய ஒரு சின்ன எலுமிச்சை, அதோடு அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகள். மாவுப் பண்டத்தில் மறுபடியும் கிழங்கா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அந்த உருளைக்கிழங்கில்தான் நம் கை தெரிகிறது. கடைக்காரர்கள் தமிழில் பேசுகிறார்கள், மலாயில் கணக்குப் போடுகிறார்கள், ஹொக்கியனில் மீயின் பெயர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பண்டம் கிடையாது. ஆனாலும் இது தமிழ்ச் சமையல்தான். தமிழ்ச் சமையல் என்பது தமிழ்நாட்டுக்குள் மட்டும் நடந்தது என்று யார் சொன்னது?

ஈப்போவில் புந்தோங்குக்குப் போயிருந்தபோதும் இதே எண்ணம். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே முறுக்கும் ஓமப்பொடியும் வறுத்த கடலையும் செய்யத் தொடங்கி, இன்று மலேசியா முழுவதும் கச்சாங் பூத்தே என்றால் புந்தோங் என்றாகிவிட்டது. மலாய்க்காரர் பெருநாளுக்கும் சீனர் புத்தாண்டுக்கும் எண்ணெய் மணக்க மூட்டை மூட்டையாகப் போகிறது. கரிசல் மண்ணின் பண்டம் இன்னொரு நாட்டின் பண்டிகைத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இது ஒருவழிப் பாதையும் அன்று. பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு திரும்பிய தமிழர்கள் வடசென்னையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடை போட்டார்கள். பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் அத்தோ தின்கிற சென்னைப் பிள்ளைகளுக்கு அது தங்கள் ஊர்ப் பண்டம்தான். செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியின் கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து வந்ததுதான். போன இடத்திலிருந்து எதையும் கொண்டுவராத பயணம் தமிழர் வரலாற்றில் இல்லை. ஆகவேதான் "நம்ம ஊர் மாதிரி வராது" என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம்ம ஊர்ச் சாப்பாடே இப்படி வந்ததுதானே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தோடு வந்து, குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுகிற பாக்கியம் எங்களுக்கு வாய்த்திருக்கிறது. வாழையிலைக் கடையில் எங்களுக்குப் பரிமாறுகிறவர்களும் உள்ளே தோசை ஊற்றுகிறவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலை உரிமத்தில் வந்தவர்கள். உரிமத்தில் மனைவி பிள்ளைகளுக்கு இடமில்லை. கடைக்கு மேலேயோ பின்னாலேயோ ஒரு அறையில் பலர் சேர்ந்து தங்குகிறார்கள். 2018இல் மனிதவள அமைச்சராக இருந்த எம். குலசேகரன், உணவகங்களில் சமையலுக்கு உள்நாட்டவரையே வைக்க வேண்டும் என்று அறிவித்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பிறகு அது ஒரு யோசனைதான் என்று விளக்கம் வந்தது. ஆள் கிடைக்காமல் கடைகள் திணறுவதாக இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸ் தொடர்ந்து சொல்லிவருகிறது. பத்திரிகைச் செய்திகளில் இது கடைக்காரருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காகவே வருகிறது. அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர் பேச்சில் வருவதில்லை. கங்காணியோடு கப்பலேறியவர் காலத்திலிருந்து இதில் மாறாதது ஒன்று உண்டு: ஊருக்குச் சமைத்துப் போடுகிறவர் தன் பிள்ளைக்குச் சமைத்துப் போட முடியாமல் இருப்பது. இது எந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றமில்லை. எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகள் வந்து ஒரு மாதம் தங்கிப் போக வழிசெய்தால் கடைகள் மூழ்கிவிடா.

நாங்கள் வழக்கமாகப் போகும் கடையின் மாஸ்டர் பரமக்குடிப் பக்கம். எங்கள் மகள் வயதில் அவருக்கு ஒரு பெண், இளையவன் ஒரு பையன். மகளுக்கு அவர் தோசையில் மீன் வடிவம் ஊற்றிக் கொடுப்பார். ஒரு நாள் இரவு கடை மூடிய பிறகு அவரை மாமாக் கடையில் பார்த்தோம். நாள் முழுக்கச் சாம்பார் மணத்தில் நின்றவர் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார்.

"தீபாவளிக்கு ஊருக்குப் போறேன்க்கா. இத ஒருதரம் பிள்ளைங்களுக்குப் போட்டுக் குடுக்கணும். நூடுல்ஸ்னா அதுங்களுக்குப் பாக்கெட்ல வர்றதுதான் தெரியும். பரமக்குடியில இந்த மஞ்ச மீ கெடைக்குமா?"

பரமக்குடியில் கிடைக்காது, மதுரையிலும் தேடிப் பார்க்க வேண்டும் என்றேன். சென்னையில் அத்தோ கடைக்காரர்கள் போடும் மஞ்சள் நூடுல்ஸ் ஏறக்குறைய இதே தடிமன், பர்மா பஜார் பக்கம் கேட்டால் வாங்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள் என்றும் சொன்னேன். அவர் கைப்பேசியில் அதைப் பதிந்துகொண்டார்.

"அப்ப ஏர்போர்ட்லேர்ந்து நேரா அங்க போய் வாங்கிட்டுத்தான் பஸ் ஏறணும். தவ்பூவுக்கு என்ன பண்றது? பன்னீர் போட்டா சரியா வருமாக்கா?"

பன்னீர் வறுபடும்போது வேறு மாதிரி நிற்கும், மதுரையில் பெரிய கடைகளில் தவ்பூ இருக்கும் என்று என் கணவர் சொன்னார். மிளகாய் விழுதை மட்டும் இங்கேயே அரைத்து எண்ணெயில் வதக்கிக் கொண்டுபோவதாக மாஸ்டர் முடிவு செய்தார். அது பெட்டிக்குள் கசியாமல் இருக்க எந்த டப்பாவில் போட்டு எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றி, மாமாக் கடைக்காரரும் சேர்ந்துகொள்ள, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.